கீற்று பறந்த தெருவும் ரத்தத்தில் வந்த எண்ணும்

இந்த முறை கடிதக் கட்டைப் பிரித்ததும் எம்.எஸ். பற்றி மட்டும் ஆறு கடிதங்கள் இருந்தன. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்பதன் சுருக்கம்தான் எம்.எஸ். அரசுப் படிவங்களில் இதைத் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று எழுதுகிறார்கள். வெளிக்கிருமியை விரட்ட வேண்டிய நம் உடம்பின் காவல்படை, மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையையே கடித்துவிடுகிற நோய் இது. நான் படித்த காலத்தில் ‘தமிழ்நாட்டில் இது அரிது’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது எம்.ஆர்.ஐ. மிஷினும் இங்கே அரிதுதான். மற்ற தலைவலி, தலைசுற்றல் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த ஆறையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

*

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயது 34. தையல் வகுப்பு எடுக்கிறேன். நான்கு வருஷமாக எம்.எஸ். இருக்கிறது, மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். போன மாதம் வலது கண் மங்கிப்போய், ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப்ஸ் ஏற்றினார்கள். பார்வை முக்கால்வாசி திரும்பிவிட்டது. பெங்களூரில் இருக்கும் என் தம்பி, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று ரத்தத்திலேயே பார்க்கலாம் என்றான். மூன்றாவது வாரம் ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தேன். ‘நியூரோஃபிலமெண்ட்’ 21.6 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘இன்னும் எத்தனை வருஷம்டா நடப்பா?’ என்று என் வீட்டுக்காரர் தம்பியிடம் போனில் கேட்டது என் காதில் விழுந்துவிட்டது. அந்த எண் அதைச் சொல்லுமா?
— ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: சொல்லாதும்மா. இந்த ஒரு வரியை முதலில் அவரிடம் காட்டிவிட்டு வாருங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

2011 டிசம்பர் 30-ம் தேதி விடியற்காலை, தானே புயல் கரை ஏறியபோது, நான் கடலூர் முதுநகரில் அம்மா வீட்டில் இருந்தேன். காற்று அடங்கிய பிறகு கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. நானும் அண்ணனும் தோள் கொடுத்துத் தள்ளித்தான் வெளியே வந்தோம். தெரு முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கீற்று. நனைந்த கீற்று, மூங்கில் வரிச்சு, கயிற்றோடு பிய்ந்து வந்த முடிச்சு. எங்கள் தெருவில் கீற்று வீடே கிடையாது. எல்லாம் ஓடும் மாடியும்தான். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “எங்கியோ நெறைய வீடு போச்சுடி” என்றாள். யார் வீடு, எத்தனை வீடு, கூரை மட்டும் போனதா சுவரும் விழுந்ததா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நடந்து போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது.

உங்கள் ரிப்போர்ட்டில் வந்திருக்கும் நியூரோஃபிலமெண்ட், அந்தக் கீற்று. நரம்பிழைக்கு உள்ளே அது விறைத்து நிற்பதற்காக வரிச்சுபோல ஓடுகிற ஒரு புரதம் அது. நரம்பிழை அறுபட்டால் புரதம் வெளியே கொட்டும். முதலில் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரில் கலக்கும். அங்கிருந்து ஒரு துளி கசிந்து ரத்தத்துக்கு வரும். லேப் எடுத்துப் பார்ப்பது தெருவுக்கு வந்து சேர்ந்த அந்தத் துளியை. எங்கோ நரம்பு அறுபட்டிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி. எந்த நரம்பு, அது கண்ணுக்குப் போவதா காலுக்குப் போவதா, அறுபட்டது எம்.எஸ்.ஸாலா வேறு எதனாலாவா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

பழைய கூரை காற்றடிக்காமலே உதிரும் அல்லவா? வயது ஏற ஏற இந்த எண்ணும் தானாக ஏறும். முப்பது வயதில் இருப்பதுபோல அறுபதில் ஏறத்தாழ இரட்டிப்பாக இருப்பது சகஜம். தெரு அகலமாக இருந்தால் அதே கீற்று குறைவாகத் தெரியும். உடல் பருமனானவர்களுக்கு ரத்தத்தின் அளவும் கூடுதல், அதனால் எண் சற்றுக் குறைவாகக் காட்டும். சாக்கடை அடைத்திருந்தால் குப்பை போகாமல் தேங்கும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு எண் கூடும். சர்க்கரையால் கால் நரம்பு கெட்டவர்களுக்கும் ஏறும். பக்கவாதம் வந்தாலும், பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டாலும் ஏறும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று. எங்கள் தெருவில் கிடந்த கீற்றை அள்ளி முடிக்கப் பொங்கல் தாண்டிவிட்டது. எம்.எஸ். அட்டாக், அதாவது கண் மங்குவது, கால் மரப்பது என்று நோய் திடீரெனக் கிளம்புவது, வந்த பிறகும் அப்படித்தான், இந்த எண் சில வாரங்களுக்கு ஏறி நின்று, பிறகு இறங்கச் சில மாதங்கள் எடுக்கும். நீங்கள் ரத்தம் கொடுத்தது மூன்றாவது வாரம். புயல் அடித்த மூன்றாம் நாள் தெருவில் நின்று ‘என்ன இவ்வளவு கீற்று!’ என்று அதிர்ச்சி அடைவது மாதிரிதான் இது. போன மாதம் உங்கள் பார்வை நரம்பு வீங்கியது என்பது உங்களுக்கே தெரியும். அதையே 21.6 என்று எண்ணில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் தம்பி செய்தது வீண் செலவா? முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த எண் உயர்வாக இருந்தவர்களுக்கு அடுத்து வரும் வருஷங்களில் அட்டாக்கும், ஸ்கேனில் புதுத் தழும்பும் அதிகமாக வந்திருப்பது பல ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. நல்ல மருந்து கொடுத்தால் எண் இறங்குவதும் தெரிந்திருக்கிறது. ஆனால் கூட்டத்துக்குப் பொருந்துவது தனி ஆளுக்கு அப்படியே பொருந்தாது. ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் யென்ஸ் கூலே என்ற நரம்பியல் மருத்துவரின் குழு 2022-ல் ஒரு உருப்படியான வேலை செய்தது. நோயில்லாத ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தை அளந்து, இந்த வயதுக்கு, இந்த உடல் பருமனுக்கு இவ்வளவு இருந்தால் இயல்பு என்று ஓர் அளவுகோல் போட்டார்கள். வெறும் 21.6-ஐ அந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் வரும். உங்கள் ரிப்போர்ட்டில் வயது இருக்கிறது, எடை இல்லை என்று நினைக்கிறேன். எந்த மிஷினில் பார்த்தார்கள் என்பதாவது இருக்கிறதா? ஒரு மிஷினின் எண்ணை இன்னொரு மிஷினின் எண்ணோடு நேரடியாக ஒப்பிடக்கூடாது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் ரிப்போர்ட்டைப் படிக்காமலே ஃபைலில் வைத்துவிடுவேன் என்று என் ஜூனியர்கள் கேலி செய்வார்கள். கிட்டத்தட்ட உண்மைதான். அட்டாக் அடங்கி நான்கைந்து மாதம் கழித்து, அதே லேப்பில், அதே மிஷினில் மறுபடி பார்த்தால் அதுதான் உங்களுடைய ‘அமைதிக்கால’ எண். அதற்குப் பிறகு மருந்து மாற்றினால் ஆறு மாதம் கழித்து இன்னொன்று. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு அதில் ஆர்வம் வரும். அப்போதும் எம்.ஆர்.ஐ.க்கு மாற்றாக அல்ல.

வீட்டுக்காரரின் கேள்விக்கு வருகிறேன். எத்தனை வருஷம் நடப்பார் என்று தேதி குறிக்க எந்தப் பரிசோதனையாலும் முடியாது. ஓரளவு ஊகிக்க உதவுகிறவை வேறு: முதல் சில வருஷங்களில் எத்தனை அட்டாக் வந்தது, ஒவ்வொன்றிலிருந்தும் எவ்வளவு மீண்டீர்கள், ஸ்கேனில் தண்டுவடத்தில் தழும்பு இருக்கிறதா, சரியான மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பித்தார்கள். உங்கள் பார்வை முக்கால்வாசி ஒரு மாதத்துக்குள் திரும்பிவிட்டது. அது நல்ல கணக்கில் சேர்கிற விஷயம்.

நீங்கள் டாக்டரிடம் உண்மையில் கேட்க வேண்டியது வேறொன்று. மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண்ணில் அட்டாக் வந்திருக்கிறதே, இந்த மாத்திரை போதுமா, இன்னும் வலுவானதற்கு மாற வேண்டுமா? போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். போனில் மச்சானிடம் கேட்டதை அங்கே நேரில் கேட்கட்டும். பயத்தில் கேட்டிருக்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

*

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் ஸ்கேன் எடுத்ததில் எம்.எஸ். ஆக இருக்கலாம் என்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டுமாம். அப்படி எடுத்தால் கால் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ரத்தப் பரிசோதனையிலேயே முடித்துக்கொள்ளக் கூடாதா?
— ஒரு தந்தை, நெய்வேலி

பதில்: ஐயா, கால் போகாது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே, முதல் இடுப்பு எலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே, வெறும் நீரும் நரம்பு வேர்களும் மிதக்கிற இடத்தில். இரண்டு மூன்று நாள் தலைவலி வரலாம். படுத்தால் குறையும், எழுந்தால் கூடும், அதுவும் போய்விடும்.

அந்த நீரில் ‘ஆலிகோகுளோனல் பேண்ட்’ என்ற கோடுகள் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் இல்லாமல் நீரில் மட்டும் அந்தக் கோடுகள் இருந்தால், மூளைக்குள்ளேயே எதிர்ப்புச் சக்தி தனியாகக் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். எம்.எஸ்.ஸை உறுதி செய்ய 2017 முதல் அந்தக் கோடுகளுக்கு விதிமுறையிலேயே பெரிய இடம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வேலையை இன்றைய தேதிக்கு ரத்தம் செய்யாது.

ஆனால் ரத்தத்தில் பார்த்தே ஆக வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2002 வாக்கில், வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தேன். 29 வயதுப் பெண். கண்ணிலும் தண்டுவடத்திலும் அட்டாக். எம்.எஸ். என்று முடிவு செய்து இன்டர்ஃபெரான் ஊசியை ஆரம்பித்தேன். அடுத்த பத்து மாதத்தில் மூன்று அட்டாக். ஒவ்வொரு முறையும் மருந்து போதவில்லை என்றே நினைத்தேன். ஒரு கண் பார்வை முழுதாகப் போய்விட்டது. அவளுக்கு இருந்தது எம்.எஸ். அல்ல, அதன் ஒன்றுவிட்ட சகோதரி மாதிரியான என்.எம்.ஓ. என்ற நோய். அதைக் காட்டிக்கொடுக்கும் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருளை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கண்டுபிடித்தது 2004-ல்தான். இன்டர்ஃபெரான் அந்த நோயைத் தணிக்காது, கிளறிவிடும் என்பது தெரியவந்தது அதற்கும் பிறகு. தெரிந்திருக்க வாய்ப்பில்லைதான். ஆனாலும் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் அக்வாபோரின்-4, எம்.எஸ். மாதிரியே தோன்றும் இன்னொரு நோயைக் காட்டிக்கொடுக்கும் மாக் என்ற இரண்டு எதிர்ப்பொருள்களையும் ரத்தத்தில் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். ‘செல் பேஸ்டு’ முறையில் பார்த்தால் துல்லியமாக இருக்கும். இடுப்புக்குக் கீழே மரத்துப் போயிருப்பதால், தண்டுவடத்தில் நீளமான தழும்பு இருந்தால் இது இன்னும் முக்கியம். கூடவே பி-12. சைவம் மட்டும் சாப்பிடும் பையன் என்றால் பி-12 குறைவே தண்டுவடத்தைக் கெடுத்து எம்.எஸ். வேஷம் போடும், அதற்கு மருந்தும் மலிவு.

*

கேள்வி: நான் பயோகெமிஸ்ட்ரி படிக்கிறேன். நியூரோஃபிலமெண்ட் ரத்தத்தில் பிகோகிராம் அளவில்தான் இருக்கிறது என்கிறார்கள். அவ்வளவு சின்ன அளவை எப்படி எண்ணுகிறார்கள்?
— ஒரு மாணவர், லாஸ்பேட்டை

பதில்: நல்ல கேள்வி தம்பி. ஒரு கிராமை லட்சம் கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் பிகோகிராம். ஒரு மில்லி ரத்த நீரில் அப்படிப் பத்து, இருபது பங்கு. நீங்கள் லேப்பில் செய்யும் எலைசா முறையில் குழி முழுக்க நிறம் மாறினால்தான் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவு குறைவான புரதம் அந்தக் குழியில் கரைந்து காணாமல் போய்விடும்.

‘சைமோவா’ என்ற முறையில் தந்திரத்தை மாற்றினார்கள். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வால்ட் என்ற வேதியியலாளரின் ஆய்விலிருந்து வந்தது, 2010-ல் வெளியானது. எதிர்ப்பொருள் பூசிய நுண்ணிய காந்த மணிகளை ரத்த நீரில் விடுவார்கள். மணிகள் ஏராளம், புரதம் கொஞ்சம். அதனால் ஒரு மணியில் ஒரு மூலக்கூறு ஒட்டும், பல மணிகள் வெறுமனே இருக்கும். ஒட்டிய மூலக்கூறின் மேல் ஒளி உண்டாக்கும் நொதியை மாட்டிவிடுவார்கள். பிறகு மணிகளைப் பணியாரச் சட்டி மாதிரியான தட்டில் கொட்டுவார்கள். குழிகள் பல்லாயிரம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு மணி மட்டும் உட்காரும் அளவு. குழியின் வாயை எண்ணெய் கொண்டு மூடினால் நொதி உண்டாக்கும் ஒளிரும் பொருள் வெளியே பரவ முடியாமல் அந்தக் குழிக்குள்ளேயே அடர்ந்து மின்னும். எத்தனை குழி மின்னுகிறது என்று எண்ணினால் போதும். எவ்வளவு பிரகாசம் என்று அளப்பதை விட்டுவிட்டு, விளக்கு எரிகிறதா இல்லையா என்று கேட்கும் வேலையாகச் சுருக்கிவிட்டார்கள்.

இதனால் என்ன கிடைத்தது என்றால், நீரில் மட்டும் அளக்க முடிந்ததை ரத்தத்தில் அளக்க முடிந்தது. முதுகில் ஊசி போட யாரும் மாதாமாதம் வர மாட்டார்கள், கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார்கள். இன்னொன்று, பல வருஷத்துக்கு முன் உறைய வைத்த ரத்தத்தையும் எடுத்துப் பார்க்க முடிந்தது. அமெரிக்க ராணுவம் தன் வீரர்களின் ரத்த நீரைச் சேமித்து வைத்திருக்கிறது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கோடிக்கும் அதிகமான வீரர்களின் பதிவுகளை அலசி 2022-ல் வெளியிட்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. எம்.எஸ். வந்து, ரத்த மாதிரியும் கிடைத்த 801 பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் நோய்க்கு முன்பே அந்த வைரஸ் தொற்றியிருந்தது. நியூரோஃபிலமெண்ட் ஏற ஆரம்பித்ததும் வைரஸ் தொற்றிய பிறகே, ஆனால் முதல் அட்டாக் வருவதற்கு முன்பே. ஆளுக்கு எதுவும் தெரியாத காலத்திலேயே எங்கோ கீற்று பறக்க ஆரம்பித்திருக்கிறது.

உடனே போய் எப்ஸ்டீன்-பார் பரிசோதனை செய்துகொள்ளாதீர்கள். பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அது இருக்கும். எனக்கும் இருக்கும்.

*

கேள்வி: கத்திரி வெயிலில் மீன் மார்க்கெட் போய் வந்தாலே கண் மங்குகிறது, கால் தள்ளாடுகிறது. வீட்டுக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் அரை மணியில் சரியாகிறது. நோய் கூடிவிட்டதா? உடனே ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டுமா?
— ஒரு வாசகி, பரங்கிப்பேட்டை

பதில்: வேண்டாம். அரை மணியில் சரியாவது அட்டாக் அல்ல. உறை போன நரம்பு, உடம்பு சூடேறினால் செய்தி கடத்தத் திணறும், குளிர்ந்தால் கடத்தும். ஊத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே எழுதி வைத்திருக்கிறார். இதில் நரம்பு புதிதாக அறுபடுவதில்லை. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்குள் மார்க்கெட் போய் வாருங்கள், மீனும் அப்போதுதான் நன்றாக இருக்கும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருந்தாலும் போங்கள், அவையும் இதே வேலையைச் செய்யும்.

*

கேள்வி: ‘முழு உடல் பேக்கேஜ்’ என்று ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஏ.என்.ஏ., வைட்டமின் டி எல்லாம் சேர்த்து எடுத்தேன். வைட்டமின் டி மட்டும் குறைவு, மற்றதெல்லாம் நார்மல். எம்.எஸ். கட்டுக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: கூடாது. உடம்பில் பொதுவாக அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் எம்.எஸ்.ஸைக் கண்டுகொள்ளவே மாட்டா. மூளைக்குள் தீப்பிடித்து எரியும்போதும் அவை நார்மலாக இருக்கும். ஏ.என்.ஏ. பார்ப்பது லூபஸ் போன்ற வேறு நோய்களுக்காக.

வைட்டமின் டி வேறு கதை. அது குறைந்தவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு கூடுதல் என்பது பழைய சேதி. ஆனால் கொடுத்தால் நோய் அடங்குமா என்பதில் ஆய்வுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஏற்கெனவே வேறு மருந்து எடுத்துக்கொள்பவர்களுக்குத் தினம் 5,000 யூனிட் கொடுத்துப் பார்த்ததில் 600 யூனிட்டை விடப் பலன் இல்லை என்று 2023-ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னது. முதல் அட்டாக் வந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு லட்சம் யூனிட் கொடுத்ததில் நோயின் வேகம் குறைந்தது என்று 2025-ல் ஒரு பிரெஞ்சு ஆய்வு சொன்னது. உங்களுக்குக் குறைவு என்று வந்திருப்பதால் டாக்டர் சொல்லும் அளவில் சாப்பிடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொடுத்தார்களே என்று நீங்களே லட்சத்தை விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தில் கல் வந்து நிற்கும்.

பேக்கேஜுக்குச் செலவழித்த காசை உங்கள் மருந்துக்கு ஏற்ற பரிசோதனைக்குச் செலவழித்திருக்கலாம். ரிட்டுக்சிமாப் ஏற்றுகிறீர்களா? ஹெபடைடிஸ் பி பார்த்தார்களா, இம்யூனோகுளோபுலின் எவ்வளவு என்று கேளுங்கள். ஃபிங்கோலிமோட் என்றால் லிம்ஃபோசைட் எண்ணிக்கையும் கல்லீரலும். நேட்டலிசுமாப் என்றால் ஜே.சி. வைரஸ் எதிர்ப்பொருள், அதைப் பார்க்காமல் அந்த மருந்தைத் தொடர்வது ஆபத்து. எம்.எஸ். நோயாளிக்குத் தவறாமல் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனை இவைதான். மருந்து உங்களை என்ன செய்கிறது என்று இவை சொல்லும், நோயின் தீவிரத்தைச் சொல்லாது.

*

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, 17 வருஷமாக எம்.எஸ். கடைசி அட்டாக் வந்து எட்டு வருஷம் ஆகிறது. புது ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. நியூரோஃபிலமெண்ட் எடுத்தோம், வயதுக்கு நார்மல் என்று வந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் போன வருஷம் தனியாகக் கோவிலுக்குப் போனவர் இந்த வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ரிப்போர்ட் பொய்யா?
— ஒரு மகள், அரியாங்குப்பம்

பதில்: ரிப்போர்ட் பொய் இல்லை, அம்மா சுவரைப் பிடிப்பதும் பொய் இல்லை. புயலில் போகும் வீடு உண்டு, கரையான் அரித்து உட்காரும் வீடு உண்டு. இரண்டாவது வகையில் தெருவில் அதிகம் கீற்று பறக்காது.

எம்.எஸ்.ஸில் அட்டாக் நின்ற பிறகும் உள்ளுக்குள் ஒரு மெதுவான தேய்மானம் போகும். இதைக் கவனிக்க நாங்கள் எல்லோருமே தாமதமாகத்தான் பழகினோம். நியூரோஃபிலமெண்ட் பெரும்பாலும் கடுமையான புது அழற்சியின் அடையாளம், இந்தத் தேய்மானத்தை அது சரியாகப் பிடிப்பதில்லை. ஜி.எஃப்.ஏ.பி. என்று இன்னொரு புரதத்தை இதற்காக ஆராய்ந்து வருகிறார்கள். நரம்புகளுக்கு இடையில் தாங்கலாக இருந்து, காயம் பட்ட இடத்தில் தழும்பு கட்டும் நட்சத்திர வடிவ செல்களிலிருந்து வருவது அது. அது உயர்ந்திருந்தவர்களுக்கு அட்டாக் இல்லாமலே நடை மோசமாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்று 2023-ல் ஸ்விட்சர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அதை எடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உயர்வாக வந்தாலும் தாழ்வாக வந்தாலும் நாளை அவருக்குச் செய்யப்போகும் காரியம் மாறாது.

நடையையே அளந்து பார்க்கலாமே! நெல்லித்தோப்பில் என் கிளினிக் தாழ்வாரத்தில், சிவப்பு சிமெண்டுத் தரையில், 25 அடி இடைவெளியில் இரண்டு இடத்தில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன். பத்திரமாக, முடிந்த அளவு வேகமாக நடக்கச் சொல்லி ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்போம். உலகம் முழுக்க எம்.எஸ். ஆய்வுகளில் பயன்படுத்துகிற அளவு அது. முன்னைவிட ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடியிருந்தால் உண்மையிலேயே மோசமாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். வீட்டுத் தாழ்வாரத்திலேயே நீங்களும் செய்யலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அதே நேரத்தில், பக்கத்தில் ஆள் நின்றுகொண்டு. காலண்டரில் நொடியை எழுதி வையுங்கள். உங்கள் அம்மா ஓய்வெடுக்காமல், கம்பு ஊன்றாமல் எத்தனை மீட்டர் நடக்கிறார் என்பதையும் எழுதுங்கள். எம்.எஸ். குறைபாட்டுக்கு டாக்டர்கள் பத்துக்கு இத்தனை என்று போடும் குர்ட்ஸ்கி மதிப்பெண், 500 மீட்டரா 100 மீட்டரா என்ற அந்தக் கணக்கில்தான் பெரும்பாலும் நிற்கிறது. உடல் குறைபாடு சான்றிதழுக்குப் போகும்போதும் இதுதான் உதவும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் எம்.எஸ். பெயரோடு இருக்கிறது. அங்கே யாரும் நியூரோஃபிலமெண்ட் கேட்க மாட்டார்கள்.

அம்மாவின் நடை மோசமானதற்கு எம்.எஸ். மட்டும்தான் காரணமா என்றும் பார்க்க வேண்டும். 58 வயதில் முழங்கால் தேய்ந்திருக்கலாம், அதைக்கூட எம்.எஸ். தலையில் கட்டிவிடுவார்கள். கால் விறைப்புக்கு மாத்திரையும் பயிற்சியும் உண்டு. பாதம் தொங்கினால் அதைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை உண்டு. நடை வேகத்தைக் கூட்டும் மாத்திரையும் இருக்கிறது. வலிப்பு வந்தவர்களுக்கும், சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கும் அது ஆகாது.

பாதம் தொங்குகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். என் கிளினிக்கில் செருப்பை வாசலில்தான் விட வேண்டும். காலையில் ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் நான் ஒரு முறை வெளியே போய் வரிசையாகக் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டு வருவேன். கம்பவுண்டர் தம்பிக்கு முதலில் இது விசித்திரமாக இருந்தது. செருப்புத் திருடு போகிறதோ என்று நினைத்தானாம். பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்து நடப்பவரின் செருப்பு குதிகாலில் தேயாது. கட்டைவிரலுக்கு முன்னால், நுனியில் சாய்வாக வழித்ததுபோல் தேயும், அதுவும் ஒரு காலில் மட்டும். நடக்கும்போது அந்தச் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் இரண்டடி போய்விடுவார்கள். அம்மாவுக்கு அப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சொல்லக் கூச்சப்பட்டிருப்பார்.

அவருடைய இரண்டு செருப்பையும் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தீபாவளிக்குப் புதுசு வாங்கியிருந்தால் பழசைத் தேடி எடுங்கள். அதை ஒரு பையில் போட்டு, காலண்டர் தாளோடும் ரிப்போர்ட்டோடும் அடுத்த முறை உங்கள் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.